இடம் மாறிய ராக்கெட் கோபுரம்

"இந்தத் தடவையும் வெறுங்கையோட மேல வந்தா மண்டைய உடைப்பேன், ரெக்சன்!" என்று துடுப்பை ஓங்கினாள் மெல்சியா.

ரெக்சன் அவளுடைய சித்தி மகன். மூச்சடக்கி முங்குவதில் சங்குமால் ஊரில் அவனை அடிக்க ஆளில்லை. மெல்சியாவிடம் திட்டு வாங்குவதிலும்தான்! முங்கினான். எழுந்தான். கையில் யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு.

"மணலாத்தான் கெடக்கு மெல்சி! பாறையே இல்ல!"

மெல்சியாவுக்கு அழுகை முட்டியது. வள்ளத்தின் எஞ்சினை அவள்தான் சரியாக முறுக்கிப் பூட்டவில்லை. ஐந்து நாளைக்கு முன்னால், ஒரே அலை. 'பொளக்!' போயே போய்விட்டது. அப்பா சூசை கத்தவில்லை. "கொடியேத்தத்துக்குள்ள எஞ்சின் கரைக்கு வரணும். இல்லேன்னா வள்ளத்த வித்துட்டு உன்னைத் தையல் கிளாசுல சேப்பேன்" என்று மட்டும் சொன்னார். மாதா கோயில் கொடியேற்றமோ நாளைக்கு! கடலை விட்டால் வேறு உலகமே இல்லை என்று இருப்பவளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

விழுந்த இடத்துக்கு அவள் அன்றே கணியம் பார்த்து, கரை அடையாளங்களைக் குறித்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் கலங்கரை விளக்கம் மலை உச்சிக்கு நேராக வர வேண்டும். மறுபக்கம் கோயில் கோபுரத்துக்கு நேரே ராக்கெட் கோபுரம் வர வேண்டும். ராக்கெட் கோபுரம் என்பது, மூடிப்போட்ட ராணுவ ஏவுதளத்தில் சும்மா நிற்கும் இரும்புக் கோபுரம். இரண்டும் பொருந்தும் இடத்தில்தான் வள்ளம் இப்போது நிற்கிறது. அன்று அடியில் இருந்த பாறை எங்கே? எஞ்சின் எங்கே?

"நமக்கு மட்டுமா? நாலு நாளா ஊருக்கே மீன் இல்ல. கடல் கோவிச்சுக்கிட்டுன்னு எங்கப்பா மெழுகுவர்த்தி ஏத்துறார்" என்றான் ரெக்சன்.

மெல்சியா கரையையே முறைத்தாள். ராக்கெட் கோபுரத்தின் பின்னால் எப்போதும் தண்ணீர்த் தொட்டி அல்லவா தெரியும்? இப்போது தென்னந்தோப்பு தெரிகிறதே!

"லே! கோபுரம் நடந்திருக்குலே!"

"உனக்கு வெயில் மண்டைக்கு ஏறிட்டு" என்றான் ரெக்சன். ஆனாலும் துடுப்பை வலித்தான்.

தளத்து மணலில் இறங்கி, முள்வேலிக்கு அடியில் ஊர்ந்தார்கள். ரெக்சனின் கால்சட்டையில் பாதி வேலியிலேயே தங்கிவிட்டது. ஏவுமேடை வெடிப்பு விட்டுக் கிடந்தது. ராக்கெட்டின் நெருப்பு பாய வெட்டிய பெரிய பள்ளத்தில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. அதையும் தாண்டினால்... தண்டவாளம்! அதன் மேல் கோபுரம். கோபுரத்துக்கு அடியில் ஆளுயரச் சக்கரங்கள்!

"ஐயோ மாதாவே! இத்தனை வருசமா சக்கரம் வச்ச சாமானுக்கா கணியம் பாத்தோம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மெல்சியா.

"கையைத் தூக்குங்க!"

துப்பாக்கியோடு நின்றவர் சுபேதார் குழந்தைவேல், ஈரோட்டுக்காரர்.

"யாருங்க கண்ணு நீங்க? உளவு பாக்க வந்தீங்களா?"

"இல்ல சார்! எஞ்சின் தேட வந்தோம்!" என்று தொடங்கி, மெல்சியா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பழைய இரும்புக்கு வெட்டறதுக்குன்னு நாலு நாளைக்கு முன்னால வாசப்பக்கமா நவுத்தி வெச்சோமுங்க" என்றார் சுபேதார்.

"பழைய இடத்துக்கே தள்ளணும் சார். அரை மணி நேரம் போதும்!"

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "வெளையாடறீங்களா? மேலதிகாரி என்னைத் தொலைச்சுப்போடுவாரு. ஏற்கெனவே மெஸ்ஸுல நாலு நாளா மீனு இல்லீன்னு கடுகடுன்னு இருக்காருங்க!"

மெல்சியா சட்டென்று நிமிர்ந்தாள். "மீன் ஏன் கிடைக்கல்லேன்னு அவருக்குத் தெரியுமா சார்? இந்தக் கோபுரத்த வச்சுத்தான் ஊரே மீன் இருக்குற பாறையக் கண்டுபிடிக்கும்!"

சுபேதார் போனை எடுத்தார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்து வந்த உறுமல் ஆடுகளுக்கே கேட்டது: "உடனே தள்ளுங்கய்யா!"

அன்று நகர்த்திய வண்டி திரும்பிப் போய்விட்டது; இப்போது தள்ள வண்டி ஏது? மெல்சியா ஓடிப்போய்ச் சொன்னதும், கரைவலை இழுக்கும் வடங்களோடு ஊரே திரண்டு வந்தது. "ஏலேலோ!" என்றது ஒரு குரல். "ஐலசா!" என்றது ஊர். சிப்பாய்களும் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வடம் பிடித்தார்கள். கிறீச்சிட்டது, முனகியது, நகர்ந்தது கோபுரம்! எந்த ராக்கெட்டுக்கும் அந்தத் தளத்தில் அப்படி ஒரு ஆரவாரம் கேட்டிருக்காது.

கடலில் மெல்சியா வள்ளத்தை ஓட்டினாள். கோபுரங்கள் இரண்டும் ஒன்றாயின. மலையும் கலங்கரை விளக்கமும் பொருந்தின. நங்கூரம் பாறையில் 'ணங்' என்று இடித்தது! ரெக்சன் முங்கினான். அவன் எழும்வரை அவளும் மூச்சு விடவில்லை.

"மெல்சீ! பாறை இடுக்குல ஒய்யாரமா படுத்துக் கெடக்கு! கயிறைப் போடு!"

கரையில் அவளைத் தோளில் தூக்காத குறை. எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவிப் பிரித்துக் காயவைத்தார்கள். மறுநாள் கொடியேற்றத்துக்கு மணி அடிக்கும் முன்பே அது இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. அதற்குள் ஊர்ப் பெரிய மீனவர்கள் எல்லாரும் ஓசைப்படாமல் தண்ணீர்த் தொட்டிக்குக் கணியத்தை மாற்றிக்கொண்டார்கள். எதை நம்பினாலும் ஒருதரம் அடியில் குனிந்து பார்த்துவிடுவது நல்லது என்று இப்போது சங்குமாலில் எல்லாருக்கும் தெரியும்.

சூசை வள்ளத்தைச் சுற்றி வந்து, எஞ்சினின் பூட்டை ஒருதரம் முறுக்கிப் பார்த்தார். மெல்சியா அவர் பின்னாலேயே போனாள்.

"வள்ளத்த வாங்க ஒருத்தன் வந்தானாமே, அப்பா?"

"வந்தான்."

"என்ன சொன்னீரு?"

"இந்த வள்ளத்த ஓட்ட எங்க வீட்டுலயே ஆள் இருக்குன்னு சொன்னேன்."