ஒன்று ஐந்தான காலை

கொல்லையில் துணி துவைக்கிற கல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீளச் சோப்புக் கட்டியை நூல் போட்டு அறுத்துக்கொண்டிருந்தாள் மூத்த மருமகள். தையல்காரி, ஆளும் மெலிசு. அதனால் வீட்டில் அவள் பெயரே 'ஊசி'. தையல் மெஷின் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷமாகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடைசித் துண்டு விழவும் கொழுந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் அம்மாவின் போன். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி! மீதி நாலு லட்சம் எங்க?"

"எந்த நாலு லட்சம், தம்பி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க! அப்பாவோட ஷேர் நேத்து வரைக்கும் அஞ்சு லட்சம். இன்னிக்கு ஒரு லட்சம்னு காட்டுது. ஒரே ராத்திரியில பணத்துக்குக் கால் முளைச்சிடுச்சா?"

அவள் கையிலிருந்த சோப்பு வழுக்கி விழுந்தது.

மாமனார் பம்பு செய்கிற கம்பெனியில் ஆயுசெல்லாம் உழைத்தவர். தொழிலாளிகளுக்குக் கம்பெனி ஷேர் கொடுத்தபோது வாங்கி வைத்தார். "சம்பளம்னா நான் அவங்ககிட்ட வேலை பாக்குறேன். ஷேர்னா அந்தக் கம்பெனியில எனக்கும் ஒரு செங்கல் சொந்தம்" என்பார். அவருக்குப் பிறகு அது மாமியார் பெயருக்கு வந்தது. போனில் யாரும் பார்க்கலாம். ஆனால் விற்க ஒரு ரகசிய எண் வேண்டும். அது தெரிந்தவர்கள் ஊசியும் அவள் புருஷனும்தான்.

மாமியார் வாசற்படியில் வந்து நின்றாள். "ஊசி... போன வாரம் இவன் கடை வைக்க வித்துத் தாங்கன்னு கேட்டப்ப, நீதானே வேண்டாம்னே?"

"ஆமா அத்தை. கம்பெனி இப்பத்தான் கடனை அடைச்சு லாபத்துக்கு வந்திருக்கு, கொஞ்சம் பொறுக்கலாம்னு..."

"பொறுத்து, நைசா உங்க பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?" என்றான் கொழுந்தன்.

"தம்பி!"

மாமியார் அதட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் பேச்சைவிட அந்த மௌனம்தான் ஊசியின் நெஞ்சைக் கிழித்தது... இருபது வருஷம் சோறாக்கிப் போட்ட கை இது!

ஆனால் சந்தேகம் புகை மாதிரி. கதவை மூடினாலும் இடுக்கு வழியாக வரும். தான் எடுக்கவில்லை. எண் தெரிந்த இன்னொருவர்? லாரி ஓட்டப் போயிருக்கும் அவர்! போன வாரம் வண்டிக்கு ரெண்டு புது டயர் போட்டாரே... கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாரே... 'சீ!' என்று தலையை உதறினாள். நினைப்பு உதிரவில்லை.

தன் போனை எடுத்து அவரை அழைத்தாள். கொழுந்தன் போனைப் பிடுங்கி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ஏங்க... ஷேரை நீங்க வித்தீங்களா?"

அவர் லாரி எஞ்சினை அணைப்பது கேட்டது. பிறகு, "நீயா இதைக் கேக்குறே, ஊசி?"

"அவங்க கேக்குறது இருக்கட்டும் அண்ணே," என்று குறுக்கே விழுந்தான் தம்பி. "அண்ணி எடுத்திருந்தா?"

"டேய்! உன் படிப்புக்குக் கட்டின பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சே? அன்னிக்கு ஷேர் விலை அடிமட்டத்துல கிடந்துச்சு. அதை வித்துக் கட்டலாம்னு அம்மா சொன்னாங்க. 'மாமாவோட செங்கலை மண்ணு விலைக்கு விக்க வேண்டாம்'னு இவ தன் மெஷினை வித்துக் கொடுத்தா. கால் வலி, இனிமே தைக்க முடியாதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னா. திருடுற மூஞ்சியா அது?"

இணைப்பு அறுந்தது.

கொழுந்தன் போனை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை. "அப்ப பணம் போன இடம்? நான் ஷேர் ஆபீஸ்லயே புகார் கொடுக்கிறேன்."

உடனே அழைத்தான். மறுமுனையில் பேசிய பெண்ணுக்கு நல்ல ஜலதோஷம். "சார், மொத்தத் தொகையை விடுங்க. எத்தனை ஷேர்னு பாத்தீங்களா?"

பார்த்தான். "பழைய எண்ணிக்கைதான் இருக்கு..."

"அப்புறம் எங்க சார் திருட்டு? கம்பெனி ஒரு ஷேரை அஞ்சா பிரிச்சிருக்கு. அதனால விலை அஞ்சுல ஒரு பங்காயிடுச்சு. புது ஷேர் இன்னும் உங்க கணக்குல ஏறல. ரெண்டு நாள்ல ஏறிடும். போன மாசமே மெசேஜ் அனுப்பினோமே!"

மாமியார் மெல்ல நிமிர்ந்தாள். "சின்னவனே... 'ஒண்ணு அஞ்சாகும்'னு ஒரு மெசேஜ் வந்துச்சே. உன்கிட்ட படிக்கக் கொடுத்தேனே?"

அவன் காது சிவந்தது. "ஒண்ணுக்கு அஞ்சுன்னா... ஏமாத்துக்காரனுங்க அனுப்புறதுன்னு அழிச்சிட்டேம்மா."

"நல்லா அழிச்சே போ! ஏமாத்துக்காரனை வெளியில தேடிட்டு, வீட்டுக்குள்ள ஒருத்தியைத் திருடியாக்கிட்டியே!" சொல்லும்போதே மாமியாரின் குரல் உடைந்தது. "அவன் பேசினான்... நான் வாய மூடிட்டு நின்னேனே, அது அதைவிடப் பாவம் இல்லையா? எனக்கு இன்னும் ஒண்ணும் விளங்கல ஊசி. பணம் இருக்கா, இல்லையா?"

ஊசி கல்மேல் கிடந்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். "முழுக்கட்டியா இருந்துச்சு. அஞ்சா அறுத்தேன். ஒரு துண்டை மட்டும் பாத்தா சோப்பு குறைஞ்ச மாதிரிதான் தெரியும் அத்தை. குறையவும் இல்ல, கூடவும் இல்ல."

சோப்பு ஒட்டிய அந்தக் கையை மாமியார் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினாள். "கால் வலின்னு சொன்னியேடி... நானும் சோம்பேறின்னு நினைச்சிட்டேனே! புது ஷேர் ஏறட்டும். வித்து முதல்ல உனக்கு மெஷின்."

"விக்க வேண்டாம் அத்தை. லாபத்துல பங்கு கொடுப்பாங்கல்ல, அது வரட்டும். காயைப் பறிப்போம், மரம் நிக்கட்டும்."

"அண்ணி..." என்று காலில் விழப்போனான் கொழுந்தன்.

"எழுந்திரு தம்பி. முதல்ல வாளியில ஊறுற துணியைத் துவை," என்றாள். அவனும் மறுபேச்சில்லாமல் குனிந்தான்.

பொழுது சாய லாரிக்காரர் வந்தார். அவளுக்கு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லை. தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"டயர் முதலாளி வாங்கினது," என்றார் அவர். "பழைய டயரை நீ பாத்திருந்தா பயந்திருப்பே. அதான் சொல்லல."

"என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க..."

"எதுக்கு? எண் ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும்தான் கேக்கணும்." சோற்றைப் பிசைந்தபடியே குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஊசி... 'வித்தீங்களா'ன்னு கேட்டே. 'வித்துட்டீங்களே, அப்படி என்னங்க கஷ்டம்'னு கேட்டிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அத்தனை பேச்சுக்கும் அழாதவள், அவர் தோளில் முகம் புதைத்துக் குழந்தை மாதிரி அழுதாள். எச்சில் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் தலையைத் தடவினார் அவர்.