பள்ளி ஆள்

அன்று மதியம் அரியலூர் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்கள்: கூட்ஸ் கிளார்க் ஏலியா, மணப்பெண்ணான அவர் மகள் மிரியம், மணமகனோடு கொச்சியிலிருந்து வந்திறங்கிய யூதர்கள் பத்துப் பேர், அவர்களுக்குப் பெரியவர் சாலமோன், வேலைக்காரி வீராயி. இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. கல்யாண ஒப்பந்தம்.

ஏலியா நேராகப் பஞ்சநாதனிடம் ஓடினார். பஞ்சநாதன் போலீஸ் ரைட்டர் வேலையை விட்டவர். அவர் சட்டை மாட்டுவதற்குள் ஜட்கா மாயவன் குதிரையைப் பூட்டிவிட்டான்.

வழியில் ஏலியா சொன்னார். யுத்த காலம், அவருக்கு லீவு இல்லை. அதனால் கொச்சி ஜெப ஆலயத்தாரே இங்கே வந்து கல்யாணத்தை நடத்துகிறார்கள். ஒப்பந்தம் முன்கூட்டியே வந்துவிட்டது. காலையில் அதை மூங்கில் குழாயோடு வீராயியிடம் கொடுத்து, "பள்ளி ஆள் வந்தா குடுத்துடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். சாலமோன் கைக்கு அது வரவில்லை.

"அதை வாசிக்காம மோதிரம் போட முடியாது சார். அந்திக்குள்ள வேணும்."

வீராயி வாசலில் அழுதுகொண்டிருந்தாள். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"குழாய்க்கு வெள்ளி மூடி. அவளே எடுத்திருப்பா. போலீஸைக் கூப்பிடுங்க" என்றார் சாலமோன்.

"சாமி சத்தியமா பள்ளி ஆள்கிட்டதான் குடுத்தேங்க! போலீஸ் வந்தா எம் புருஷன் வூட்ல சேக்கமாட்டான்."

"அந்த ஆள் எப்படி இருந்தார்?" என்று கேட்டார் பஞ்சநாதன்.

"தாடி, தொப்பி. வந்ததும் சலாம்னாரு."

"நாங்களும் ஷாலோம்னுதான் சொல்லுவோம்" என்றார் சாலமோன். பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தினார். வீராயி ஒவ்வொரு முகமாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பத்துத் தாடி இருக்கு சார், ஒரு தாடிகூடப் பொருந்தலியே!" என்றான் மாயவன்.

பஞ்சநாதன் கூடத்தில் சுருட்டிக் கிடந்த பெரிய ஜமக்காளத்தைக் காலால் தொட்டார். "இதுவும் கொச்சிலேர்ந்து வந்ததா?"

"இல்லை, நான் இரவல் கேட்டிருந்தேன்" என்றார் ஏலியா.

"யார் கொண்டாந்தா வீராயி?"

"அவருதாங்க. இறக்கி வச்சாரு, குழாயைக் குடுத்தேன், வாங்கிட்டுப் போனாரு."

பஞ்சநாதன் சிரித்தார். "பெரியவரே, கொச்சியில உங்க ஜெப ஆலயத்தை என்னன்னு சொல்லுவீங்க?"

"பள்ளி."

"நம்ம அரியலூர்ல பள்ளி ஆள்னா?"

"பள்ளிவாசல்!" மாயவன் துள்ளினான். "ஜமக்காளம் அங்கேர்ந்துதானே வந்திருக்கும்!"

"ஆமா" என்று ஏலியா தலையில் அடித்துக்கொண்டார்.

"அவ திருடல. நீங்க சொன்னபடி பள்ளி ஆள்கிட்டதான் குடுத்திருக்கா. உங்க பள்ளி வேற, அவ பள்ளி வேற."

மாயவன் வண்டியை விரட்டினான். அரை மணியில், காலையில் ஜமக்காளம் கொண்டுவந்த பள்ளிவாசல் மீரான் ராவுத்தரே குழாயோடு வந்தார். "அரபி மாதிரி வலமிருந்து இடம் எழுதியிருக்கு, ஆனா ஒரு எழுத்தும் விளங்கல. அஸர் தொழுகைக்கப்புறம் கொண்டாந்து கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அந்திக்குள் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மிரியம் விரலில் மோதிரம் ஏறியது. ராவுத்தர் தான் கொண்டுவந்த ஜமக்காளத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

சாலமோன் வீராயியிடம் வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. மணமக்கள் தனித்திருக்க வேண்டிய அறையின் சாவியை அவள் கையில் வைத்தார். "எங்க பசங்க உள்ள புகுந்து கேலி பண்ணுவானுங்க. நீயே பூட்டும்மா."

"திறக்கச் சொன்னா எந்தப் பள்ளின்னு கேட்டுக்கிட்டுத்தான் திறப்பேன்" என்றாள் வீராயி.

மணமக்கள் உள்ளே போனார்கள். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.