பழைய ஆணி

தர்மினியின் படத்தில் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடியின் மேல், சரியாக நெற்றி நடுவில், சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். நீலாவதி விரலால் தொட்டாள். ஈரம் இன்னும் காயவில்லை.

சட்டை நுனியால் அவசரமாகத் துடைத்தாள். படத்தில் இருப்பவருக்குப் பொட்டு வைப்பது எப்போது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கல்யாணமாகி ஏழு வருடம் ஏங்கிப் பெற்ற ஒரே பிள்ளை தர்மினி. காலையில்தான் இட்லியை வாயில் அடைத்துக்கொண்டு பள்ளி வேனில் ஏறிப்போனாள்.

புக்கிட் பெலண்டோக் ஊரைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கணவன் அருட்செல்வனுக்கு மேற்பார்வை வேலை கிடைத்தபோது கூடவே இந்தப் பழைய வீடும் கிடைத்தது. மற்றதெல்லாம் பரவாயில்லை, ஹாலின் தெற்குச் சுவர்தான் அவள் உயிரை வாங்கியது. ஜன்னல் இல்லை, அலமாரி இல்லை, மொட்டையாக நீண்டு கிடந்தது. அதன் முன்னால் சோபாவைப் போட்டால் சோபா சிறுத்துப்போனது, டிவியை வைத்தால் டிவி சிறுத்துப்போனது. கைப்பேசியில் வீட்டு அலங்காரம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் எல்லாரும் வெற்றுச் சுவருக்கு ஒரே மருந்துதான் சொன்னார்கள்: குடும்பப் படங்களை மாட்டுங்கள்.

சுவரின் நடுவில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. சாயத்தின் மேல் சாயம் ஏறித் தடித்துப்போன பெரிய ஆணி. பிடுங்கிப் பார்த்தாள், அசையவில்லை. வேலை மிச்சம் என்று மகளின் பள்ளிப் படத்தை அதில் மாட்டி, சுற்றிலும் புது ஆணிகள் அடித்து மற்ற படங்களைத் தொங்கவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாலையில் மகளைக் கேட்டாள்.

"நான் வைக்கலமா. எனக்கு எட்டவே எட்டாது" என்றாள் தர்மினி, மைலோ பானப் பாக்கெட்டின் கடைசிச் சொட்டைக் குழலில் கொர்ரென்று உறிஞ்சியபடி. எத்தனை முறை திட்டினாலும் அந்தச் சத்தத்தை மட்டும் விடமாட்டாள்.

அருட்செல்வன் சிரித்தான். "மழைக்காலம் லா நீலா. சுவரு ஈரம் வுட்ருக்கும்."

"ஈரத்துக்குச் சந்தன வாசம் வருமா?"



மறுநாளும் பொட்டு இருந்தது. அதற்கு அடுத்த நாள், மழை இருட்டிக்கொண்டு நின்ற மதியத்தில், அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவளின் மூக்கில் சாம்பிராணிப் புகை ஏறியது. ஹாலுக்கு ஓடினாள். புகை இல்லை. படத்துக்கு நேர் கீழே, தரையில், ஒரே ஒரு வாடாத மல்லிகை. தோட்டத்தில் எந்த வீட்டிலும் மல்லிகைச் செடி கிடையாது.

எதிர்வீட்டு மயிலம்மாள் களைக்கு மருந்தடிக்கும் வேலை முடிந்து மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து வந்தவள், வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"அந்த ஆணியிலயா மாட்டுன? முன்ன இருந்தவங்க செத்துப்போனவங்க படத்த மாட்டுன ஆணி அது. அவங்க போனதிலேர்ந்து யாரும் சோறு வைக்கல. பசியா இருக்கும் போல. ஒரு எலை போட்டு படைச்சி விட்ரு, போயிரும்."

நீலாவதிக்கு அது நியாயமாகப் பட்டது. பயந்து சாவதைவிடச் சோறு போட்டு அனுப்புவது மேல். மறுநாள் தர்மினி பள்ளிக்குப் போனதும் குளித்து, விளக்கேற்றி, சுவரோரம் வாழையிலை விரித்தாள். யாருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருந்ததை வைத்தாள். சோறு, பொரித்த கோழி, கிரீம் பிஸ்கட், ஒரு பாக்கெட் மைலோ. மகளின் படத்தைக் கழற்றப் பார்த்தாள். படத்தின் பின்னாலிருந்த கம்பி அந்த ஆணியின் தலையில் சிக்கிக்கொண்டு வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, கும்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். செத்துப்போன சித்தப்பாவுக்குப் படைத்தபோதும் இப்படித்தான். போனவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

மழை பிடித்தது. செம்பனை ஓலைகளின் மேல் இரைந்து விழுந்த மழைக்கும், சாக்கடையில் புரண்ட தண்ணீருக்கும், தகரக் கூரையின் தடதடப்புக்கும் நடுவே, வீட்டுக்குள்ளிருந்து மெதுவாக, மிக மெதுவாக, இலையில் விரல் உரசும் சத்தம் கேட்டது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது. வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

எலும்பு கடிபட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யார் படத்தின் கீழ் இலை போடுகிறோமோ, படையல் அவருக்குத்தான். திருப்பி வைத்தால் மட்டும் என்ன? அது தர்மினியின் படம். இலையில் இருந்ததெல்லாம் தர்மினிக்குப் பிடித்தது.

"ஐயோ, நான் என்ன செஞ்சிட்டேன்."

எழுந்தாள்.

உள்ளே, கொர்ரென்று ஒரு சத்தம். மைலோவின் கடைசிச் சொட்டு.

பின்கதவைப் பூட்டியிருந்தாள். சாவி இடுப்பில் இருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. மணியம். பள்ளி வேன் ஓட்டும் மணியம். அவன் ஹாரன்தான் அடிப்பான். ஒருநாளும் போன் செய்ததில்லை.

எடுக்கவில்லை. எடுத்தால் உண்மையாகிவிடும்.

வாசல் ஜன்னலின் கண்ணாடி இடுக்கில் கண்ணை வைத்தாள். விளக்கு எரிந்தது. படம் ஹாலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நெற்றியில் பொட்டு. கழுத்தைச் சுற்றி மல்லிகைச் சரம்.

அதன் கீழே, சுவரைப் பார்த்தபடி, நீலச் சீருடை. ரெட்டைச் சடை. நனைந்த சடை.

கை இலைக்குப் போனது. வாய்க்கு வந்தது.

"அம்மா." திரும்பாமலே கூப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் கோழி வைமா. பசிக்குது."

கைப்பேசி ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அருட்செல்வன்.

சடை நுனியிலிருந்து இலையின் மேல் சொட்டு விழுந்தது. வெள்ளைச் சோறு சிவந்துகொண்டே வந்தது. மடக்கிய கால்களில் ஒன்றில் மட்டும்தான் பள்ளிச் சப்பாத்து இருந்தது.