சுட்டும் கொடி

பந்தலில் கொடியின் பற்றுக்கம்பி ஒன்று மட்டும் எதையும் பற்றாமல் நின்றது.

தெருவில் கரண்ட்காரன் என்றே பெயர் வாங்கிவிட்ட அந்த எலக்ட்ரீஷியன், சாயங்காலம் சுரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதைப் பார்த்தான். வேலை முடிந்த இடங்களில் மிஞ்சிய பைப்புகளை நட்டு, வலை கட்டி, அவனே போட்ட பந்தல் அது. வயர், பைப் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. கொடி விஷயத்தில் கத்துக்குட்டி. மற்றப் பச்சைச் சுருள்களெல்லாம் வலையை இறுக்கிப் பிடித்திருக்க, இது மட்டும் விறைப்பாக வீட்டுப் பக்கம் நீண்டிருந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது, பாவம் என்று மடக்கி வலையில் சுற்றிவிட்டான். வாளியை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அது பழையபடி நீண்டுவிட்டது.

அது காட்டிய திசையில், பின்வாசல் படியில், வீட்டுப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம்தான் அவனுடைய ஐந்து வயது மகள் பந்தலடியில் நின்று பிஞ்சுகளை விரல் நீட்டி எண்ணினாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். மதிலுக்கு மேல் அடுத்த வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“விரல் நீட்டிக் காட்டாத கண்ணு. பிஞ்சு அழுகிப் போயிடும்.”

“நீங்க நடத்துறது அறிவியல் பாடம்தானே டீச்சர்?” என்று கரண்ட்காரன் கிண்டலடித்தான்.

“அறிவியல்தான். ஆனா எங்க வீட்டுப் பிஞ்சை யாரையும் விரல் நீட்டிக் காட்ட விடமாட்டேன்.”

வேண்டாம் என்று சொன்னால் வாலு அதைத்தான் செய்வாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். ஏழு. மூன்றே நாளில் ஏழும் நுனி மஞ்சளித்தன. தொட்டால் விரல் பதிந்தது, பதிந்த குழி அப்படியே நின்றது. புளித்த நாற்றத்தோடு ஒவ்வொன்றாக விழுந்தன. ஈ கொட்டியிருக்கும் என்று கரண்ட்காரன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

இப்போது பூனை. மூன்றாம் நாள் மத்தியானம் அது படியை விட்டு எழவில்லை. தூக்கப் போனவனின் விரல்கள் அதன் வயிற்றில் பதிந்தன, சதை மேலே எழும்பவில்லை. அது கத்தவும் இல்லை, அவனைப் பார்த்தபடியே செத்துப்போனது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் அந்தப் புளித்த நாற்றம் கையை விட்டுப் போகவில்லை.

பூனையைப் புதைத்துவிட்டு மண்வெட்டியை வைக்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். ஏழு பற்றுக்கம்பிகள் விறைத்து நின்றன. ஏழும் வாலு படம் வரைந்துகொண்டிருந்த ஜன்னலைக் காட்டின.

 ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். அங்கிருந்த ஜன்னல் வழியே மெல்ல எட்டிப் பார்த்தான். வலை கிரீச்சிட்டது. காற்றே இல்லை, ஓர் இலைகூட அசையவில்லை, ஆனால் ஏழும் திரும்பிக்கொண்டிருந்தன. சமையலறைப் பக்கமாக.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவிக்குப் போன் போட்டான்.

“சீக்கிரம் வா.”

“என்னாச்சு? வாலுவுக்குக் காய்ச்சலா?”

“இல்ல. நீ வா.”

வேறென்ன சொல்வது? சுரைக்கொடி நம் பிள்ளையைக் காட்டுகிறது என்றா? கேட்டால் சிரிப்பாள். அவனுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாலுவைக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, கட்டிங் பிளேயரோடு தோட்டத்துக்கு ஓடினான். இருட்டத் தொடங்கியிருந்தது. சுரைப்பூக்கள் வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தன. குனிந்து உள்ளே நுழைந்தான். இலையின் சுணை பிடரியில் உரசியது. அடித்தண்டு. கட்டைவிரல் கனம். ஒரு கடி. அறுபடவில்லை. இன்னொரு கடி. கையெல்லாம் பிசுபிசுப்பு. இன்னொன்று.

அறுந்தது.

தலைக்கு மேலே ஏழும் ஒன்றாகத் தொங்கிப்போயின.

உள்ளே வந்து மகளின் குதிகாலை அமுக்கிப் பார்த்தான். கெண்டைக்காலை, வயிற்றை, கன்னத்தை. அமுக்கிய இடமெல்லாம் உடனே எழும்பியது.

“கூசுது அப்பா,” என்று நெளிந்தாள்.

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். எழுந்து விளக்குப் போடக்கூட அவனுக்குத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். மூச்சுச் சீராக வந்தது.

வெளிக்கதவு திறக்கும் சத்தம். மனைவி உள்ளே வந்து பையை இறக்கினாள்.

“ஏன் ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்திருக்கீங்க?”

விளக்கைப் போட்டாள். அவன் தோளில் கிடந்த சின்னக் கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. அம்மாவைப் பார்த்து.

வாலு தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் விரலை மடக்கினான். நீண்டது. மடக்கித் தன் கைக்குள் வைத்து இறுக்கினான். உள்ளங்கைக்குள் அது நிமிர்ந்தது. எலும்பு முறிந்துவிடுமோ என்று பயந்து பிடியை விட்டான்.

“நீ வெளிய போ,” என்றான். குரல் எழவில்லை.

“என்ன சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல.” பக்கத்தில் வந்தாள். வந்தவள், எதுவோ ஊர்வதுபோல் கன்னத்தை ஒரு விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது.