உடைந்த கோடரி

காலையில் கோடரி வாங்க எல்லோரும் ஆற்றங்கரை வாசலில் வரிசையாக நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். துருவுண்ணி என்ற நுண்ணுயிரி உலகத்து உலோகங்களையெல்லாம் அரித்துத் தீர்த்தபின், விறகு பிளப்பதும் கிழங்கு தோண்டுவதும் இந்தக் கனத்த கற்கோடரியால்தான். அதற்கேற்ற கல் இந்த ஆற்றுப் படுகையில் மட்டுமே கிடந்தது. படுகை ஆரோக்கியமேரியின் காவலில் இருந்தது. அவள் பேச்சை மீறியவர்களை வெறுங்கையோடு காட்டுக்கு அனுப்பினாள். யாரும் திரும்பி வரவில்லை.

கோடரி வாங்கிய எழினி வேலைக்குப் போகாமல் நேரே குடிசைக்கு ஓடினாள். தங்கை குயிலிக்கு நேற்றிலிருந்து பிரசவ வலி.

“குழந்தை குறுக்கே கிடக்கு. வயித்தத் திறந்தாகணும்,” என்றாள் மருத்துவர் மெஹருன்னிசா. “இந்தக் கோடரி அறுக்காது, சதையைப் பிய்ச்சிடும்.”

எழினி கோடரியைத் தரையில் வைத்து உருண்டைக் கல்லை ஓங்கினாள்.

“உடைச்சா உன்னை வெளியே அனுப்பிருவாங்கக்கா,” என்றாள் குயிலி, பல்லைக் கடித்தபடி.

விளிம்பில் விழுந்த அடியில் சில்லுகள் தெறித்தன. நகம்போல் மெல்லிய ஒன்றை மெஹருன்னிசா கொதிநீரில் போட்டெடுத்தாள். மயக்கச் சாறு குடித்தும் குயிலி அலறினாள். பிறகு அவள் அலறல் அடங்கியது. குழந்தையின் அழுகை எழுந்தது.

சத்தம் கேட்டு ஆரோக்கியமேரி வந்தாள். தரையில் கிடந்த சில்லுகளையே பார்த்தாள். ஒரு கோடரியில் இத்தனை கத்திகள். இவற்றை மடியில் கட்டிக்கொண்டால் எங்கும் போய்ப் பிழைக்கலாம், இந்த ஆறே தேவையில்லை. வாசலில் கூடியிருந்தவர்களுக்கும் அது புரிந்துவிட்டது.

“அதையெல்லாம் பொறுக்கி எங்கிட்ட குடு.”

எழினி சில்லுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெளியே யாரோ கல்லைக் கல்லில் அடித்தார்கள். பிறகு இன்னொருவர். ஆரோக்கியமேரியின் காவலாளும் தன் கோடரியை உடைக்கத் தரையில் வைத்துக் குந்தினான்.

மாலைக்குள் ஏறக்குறைய எல்லாக் குடிசைகளும் காலியாகிவிட்டன. காட்டுக்கு அனுப்பப்பட்ட சொந்தங்களைத் தேடிச் சிலர், சும்மா போய்ப் பார்க்கச் சிலர். காயத்தைத் தைத்து முடித்த மெஹருன்னிசாவும், முன்பு விரட்டப்பட்ட தன் அண்ணனைத் தேடிப் புறப்பட்டாள்.

“தையல் பிரியாம பாத்துக்க. காய்ச்சல் வந்தா…” என்றவள் முடிக்காமலே நடந்தாள்.

குயிலியால் எழவே முடியாது. தண்ணீர் எடுக்கவோ தீயைக் காக்கவோ எழினியைத் தவிர ஆளில்லை. எழினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையின் நெற்றியைத் தொட்டாள். சுட்டது.

வாசலில் ஆரோக்கியமேரி ஒரு குடம் தண்ணீரை இறக்கி வைத்தாள்.

“துணி நனைச்சுப் போடு,” என்றாள். “புள்ளைய எங்கிட்ட குடு.”

எழினி குழந்தையை நீட்டிவிட்டு, துணியைக் குடத்தில் நனைத்தாள்.