தம்பி தூங்கும்போது ஒரு பாட்டு

பர்ரங்கீயா நகரத்தில், யாரெலிஸ் வசித்த தெருவில், பாட்டுச் சத்தம் கேட்காத வீடே கிடையாது. அவள் வீட்டு ஸ்பீக்கர்கள்தான் எல்லாவற்றிலும் பெரியவை. அப்பா வில்ஃப்ரிதோ சத்தத்தைக் கூட்டினால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும்.

தம்பி பிறந்ததும் எல்லாம் மாறியது. அவன் குறைமாதக் குழந்தை. சின்னச் சத்தத்துக்கும் கைகால் உதறி அழுதான். அப்பா ஸ்பீக்கர்களைப் போர்வையால் மூடிவிட்டார்.

அம்மா நூபியா சமைக்கும்போதே கும்பியா நடனம் ஆடுகிறவள். இப்போது ஆட்டமும் இல்லை, பேச்சும் குறைந்துபோனது. குழந்தையோடு ஆடுநாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், யாரெலிஸ் போர்வையை விலக்கி, பாட்டை மிகவும் மெதுவாக வைத்தாள்.

"கொசு பாடுற மாதிரி இருக்கு. மேளமே கேக்கல. நிறுத்திடு கண்ணு," என்றாள் அம்மா.

நிறுத்தப்போன யாரெலிஸ் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே மேளம் தும் தும் என்று கேட்டது. அது எங்கேயும் போய்விடவில்லை. அம்மாவிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

"அப்பா, நம்ம ஸ்பீக்கர் யாருக்குப் பாடுது?"

"தெருவுக்கு. அதான் வாசலைப் பாக்க வெச்சிருக்கேன்."

"அம்மா தெருவுலயா இருக்காங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு எழுந்து வந்தார்.

இருவரும் ஸ்பீக்கர்களை மெல்ல நகர்த்தி, ஆடுநாற்காலிக்கு எதிரே சுவரை ஒட்டி வைத்தார்கள். நாற்காலியையும் அருகில் இழுத்தார்கள். இரண்டு பெட்டிகளும் அம்மாவின் முகத்தைப் பார்த்தன.

"சுவர் பக்கத்துல இருந்தா மேளம் கொஞ்சம் கனமா கேக்கும்," என்ற அப்பா, மேளச் சத்தத்துக்கான குமிழை மட்டும் சற்றுக் கூட்டினார்.

யாரெலிஸ் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.

"இந்த வெயில்லயா? நான் வெந்துடுவேன்டி," என்றார் அப்பா.

"ஒரே ஒரு பாட்டுக்குப்பா."

பாட்டு தொடங்கியது. பேச்சுக் குரலைவிடச் சத்தம் குறைவுதான். ஆனால் மேளம் வந்தது, குழல் வந்தது, பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

தம்பியின் நெற்றி சுருங்கியது. மூவரும் அசையாமல் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கிப்போனான்.

அம்மாவின் பாதம் தரையில் தாளம் போட்டது. பிறகு அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். மெல்ல, மிக மெல்ல ஆடினாள்.

"என்கூட ஆடுவியா?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"ஏற்கெனவே ஒருத்தர் தோள்ல இருக்கார். நீங்க அடுத்த பாட்டுக்கு வாங்க."

சிரித்துக்கொண்டே அப்பா யாரெலிஸிடம் கையை நீட்டினார். அவள் சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆட வந்தாள்.