ஜிம்லி பிடுங்கிய கீரை

பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறை ஒன்று காலி செய்துவிட்டுப் போன மனை அது. மூன்றே மாதத்தில் பாலக்கும் செங்கீரையும் வெந்தயக்கீரையுமாக அங்கே பச்சைப்பசேலென்று வளர்த்துவிட்டாள் பத்து வயது ஜிம்லி. கொல்கத்தாவின் அந்தச் சந்தே அவளை மெச்சியது.

விடிந்தால் காளி பூஜைக்கு முந்தின நாள்; வழக்கப்படி வீட்டுக்கு வீடு பதினான்கு வகைக் கீரை சமைக்கும் நாள். "முதல் அறுவடை உங்க எல்லாருக்கும்தான்" என்று சந்து முழுக்க வாக்குக் கொடுத்திருந்தாள் ஜிம்லி.

அன்று பள்ளியில் டீச்சர் ஒரு தாளை நீட்டினார். பரிசு கிடைக்கும் என்ற ஆசையில் ஜிம்லியே பரிசோதனைக்கு அனுப்பிய மண்ணின் முடிவு. மண்ணில் அளவுக்கு மீறிய ஈயம்! வேர் வழியே கீரைக்குள்ளும் ஏறியிருக்கும், சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் அதிகம் பாதிக்கும் என்றார் டீச்சர்.

சாயங்காலம், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை உறைபோல மாட்டிக்கொண்டு கீரையை வேரோடு பிடுங்கத் தொடங்கினாள் ஜிம்லி. பக்கத்து வீட்டு கோஷால் ஜேட்டு விஷயத்தை வீட்டில் கேள்விப்பட்டு, பதறிப்போய் ஓடி வந்தார். சந்துக்கே அவர் பெரியப்பா.

"என்னடி இது? மூணு தண்ணி ஊத்திக் கழுவினா எல்லாம் போயிடும்."

"மேல இருக்கற தூசி போகும் ஜேட்டு. இலைக்குள்ள ஏறினது எப்படிப் போகும்?"

"எனக்கு எழுபது வயசு. இனிமே என் மூளை கெட்டா என்ன?" என்று ஒரு பிடி கீரையை அள்ளிக்கொண்டார்.

"அது எப்பவோ கெட்டாச்சுன்னு உங்க வீட்டு ஜேட்டிமாவே சொல்வாங்க. ஆனா உங்க பேரன் தோத்தோன் உங்க தட்டுலதானே சாப்பிடறான்?"

ஜேட்டு கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி, எல்லார்கிட்டயும் கீரை தர்றேன்னு சொல்லி வச்சிருக்கியே. என்ன பண்ணப் போற?"

"உங்க வீட்டுல சொன்ன மாதிரியே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். 'கீரை கிடையாது, அதுல விஷம்'னு. கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. சிரிச்சா சிரிக்கட்டும்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. ஆனால் கை நிற்கவில்லை. என்ன நெஞ்சுரம் இந்தப் பெண்ணுக்கு என்று ஜேட்டு அசந்துபோனார்.

"எனக்கும் ரெண்டு பை குடு" என்று அடுத்த வரிசையில் உட்கார்ந்தார்.

மறுநாள் எந்த வீட்டிலும் பதினான்கு சேரவில்லை. வேறு இடத்துக் கீரையாகப் பார்த்து, கிடைத்த ஏழெட்டு வகையை வாங்கிச் சமைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதல் கிண்ணம் ஜிம்லிக்குத்தான் வந்தது.

பதினோரு கிண்ணக் கீரை! தின்று முடிப்பதற்குள் ஜிம்லிக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.